ஐந்து சுற்றுக்கு இரண்டு

ஜெசிந்தாவோடு ரோட்டோரம் நின்று ஒரு விஷயத்தை முழுசாகப் பேசி முடித்தவர்கள் அனுமந்தன்பட்டியில் குறைவு. பேச்சின் நடுவே ஒரு டிராக்டர் கடந்து போனால் போதும், கழுத்து அந்தப் பக்கம் திரும்பிவிடும். "ஒரு சிலிண்டர் சரியா அடிக்கல" என்பாள். டிராக்டர் யாருடையது என்றுகூடத் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் அவளுடைய கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டேதான் இருக்கும் என்று கணவன் ஜான் பீட்டர் சொல்வான்.

வயது நாற்பத்து நான்கு. தேனி ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்த வருஷம் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். இப்போது உத்தமபாளையம் போகிற சாலையில் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருக்கிறாள். தோட்டத்து பம்புசெட், டிராக்டர், மண்டபத்து ஜெனரேட்டர் எல்லாம் வரும். படகு எஞ்சின் மட்டும் வந்ததில்லை. வயலும் திராட்சைப் பந்தலுமாக இருக்கிற ஊரில் படகு எங்கிருந்து வரும்?

அது மலைக்கு மேலிருந்து வந்தது. ஜான் பீட்டர் ஜீப் ஓட்டுவது கூடலூர் லிங்கேஸ்வரனிடம். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் போக, குமுளிக்கு அப்பால் ஒரு நீர்த்தேக்கத்தில் லிங்கேஸ்வரனுக்கு ஒரு படகும் உண்டு. இந்தக் கரையில் குடியிருக்கும் தொழிலாளிகளை அந்தக் கரைத் தோட்டத்துக்குக் காலையில் கொண்டுவிட்டு, மாலையில் கூட்டிவரும். இருபது பேர் ஏறலாம். படகு இல்லையென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு ஜீப்பில் போகவேண்டும். போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர அவ்வளவு. பழைய எஞ்சின் வெடிப்பு விட்டதிலிருந்து அந்த ஜனம் அப்படித்தான் அலைந்துகொண்டிருந்தது.

லிங்கேஸ்வரன் கொச்சியில் ஒரு மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டு ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, எஞ்சின்னா எல்லாம் எஞ்சின்தான? மாட்டிக் குடுத்துரு. பழைய கியர்பாக்ஸு நல்லாத்தான் இருக்கு. புரொப்பல்லரும் இருக்கு."

சரி என்றாள். அந்தச் சரியைப் பிறகு பல நாள் நினைத்து நொந்துகொண்டாள்.

பழைய எஞ்சின் நிதானமானது. நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று. கியர்பாக்ஸ் அதைப் பாதியாக்கி எழுநூற்றைம்பதாக, தண்ணீரைத் தள்ளும் புரொப்பல்லருக்குக் கொடுக்கும். புதிதாக வந்தது வேகக்காரன். இரண்டாயிரத்து நானூறு சுற்றில்தான் அதற்கு முழு பலம். ஜெசிந்தா அதைப் படகின் எஞ்சின் மேடையில் ஏற்றி, புரொப்பல்லர் ஷாப்டோடு நேர்பார்த்து முடுக்கி, நான்காம் நாள் தண்ணீரில் விட்டாள். ஓட்டுநர் வேலுச்சாமி நெம்புகோலைத் தள்ளினான். படகு பழைய எஞ்சினில் போனதைவிட வேகமாகப் போனது.

வேலுச்சாமி பிறந்ததே அங்கே ஒரு எஸ்டேட்டில். தமிழும் மலையாளமும் கலந்துதான் வரும். "சேச்சி, பறக்குது" என்றான். கரையில் லிங்கேஸ்வரன் கைதட்டினார்.

ஜெசிந்தா மட்டும் சுற்று காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஆயிரத்து எழுநூறைத் தாண்டவில்லை. நெம்புகோல் கடைசிவரை போய்விட்டது. பின்னால் புகை கறுப்பாக வந்தது.

"புதுசுன்னா கொஞ்சம் புகையத்தான் செய்யும்" என்றார் லிங்கேஸ்வரன்.

"இது புதுசுப் புகை இல்லண்ணே. எஞ்சின் திணறுது. ஆள் பாரத்த ஏத்தி ஒருக்கா ஓட்டிப் பாக்கணும்."

"புதன்கெழம படகு சர்டிபிகேட்டுக்கு சர்வேயர் வாராக. பாத்து எழுதிக் குடுத்துட்டா வியாழக்கெழம ஓட்டணும். இன்னும் என்னத்தப் பாக்க?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்தும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஜான் பீட்டர் தட்டைப் பார்த்தான். "அதான் ஓடுதுல்ல" என்றான். "ஓடுது. அதான் பயமா இருக்கு" என்றாள். ஓடாமல் நின்றிருந்தால் எல்லோரும் அவள் பேச்சைக் கேட்டிருப்பார்கள்.

மறுநாள் ஐம்பது கிலோ மணல் மூட்டை இருபத்தாறு ஏற்றச் சொன்னாள். முனகிக்கொண்டே ஏற்றினார்கள். வேலுச்சாமியோடும் மூட்டை ஏற்றிய ஒருவனோடும், மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு ஜெசிந்தாவும் ஏறினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. வைகைத் தண்ணீரையே கரையில் நின்று பார்த்த ஆள்.

மத்தியானத்துக்கு மேல் கிளம்பினார்கள். முள் ஆயிரத்து அறுநூறில் நின்றது. பத்தாவது நிமிஷம் புகைக்குழாயின் கழுத்து மங்கலாகச் சிவந்தது. வெப்பம் காட்டும் மீட்டர் ஏறிக்கொண்டே வந்தது. ஏரியின் நடுவில் இருந்தார்கள். நிறுத்து என்று அவள் சொன்னதும், தண்ணீர் ஓடும் ரப்பர் குழாய் வெடித்ததும் ஒன்றாக நடந்தன. கொதிநீர் இடது மணிக்கட்டில் அடித்தது. மறு கையால் நிறுத்தும் கம்பியை இழுத்தாள். எஞ்சின் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

அதன்பிறகு காற்றுச் சத்தம்தான். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் அணை கட்டியபோது முங்கிப்போன காட்டின் பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேல் கொம்பு கொம்பாக நின்றன. அடிப்பலகையில் ஒன்று குத்தினால் அவ்வளவுதான். வேலுச்சாமி துடுப்பை எடுத்தான். ஜெசிந்தா மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தள்ளினாள். மணிக்கட்டுத் தோல் வழன்றிருந்தது, வலி அப்போது தெரியவில்லை. இருந்த ஆட்கள் மூன்று பேர். இருபது பேர் இருந்திருந்தால் யாரைத் தள்ளுவது என்ற நினைப்பு வந்ததும் அடுத்த மூட்டையை இன்னும் வேகமாக இழுத்தாள்.

கரை சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

லிங்கேஸ்வரன் முகம் இருண்டிருந்தது. "கொச்சிக்காரன் ஏமாத்திப்புட்டான். இதவிடப் பெரிய எஞ்சினாப் பாக்கணும்."

"எஞ்சின் மேல தப்பு இல்லண்ணே. தப்பு என் மேல. பழைய கியர்பாக்ஸு ஆகாதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க சொன்னதுக்குத் தலையாட்டிட்டேன்."

அவளே தொடர்ந்தாள்.

"குமுளி மலைல ஆள் ஏத்துன ஜீப்ப டாப் கியர்ல ஏத்துவீகளா?"

"எப்படி ஏறும்? திணறி நின்னுரும்."

"அதத்தான் இங்கன செஞ்சிருக்கோம். பழைய எஞ்சின் மெதுவாச் சுத்துச்சு, ரெண்டுக்கு ஒண்ணு போதும். இது வேகமாச் சுத்துனாத்தான் பலம் வரும். சுத்த விடாம அந்தப் புரொப்பல்லர் புடிச்சு நிறுத்துது. கியர்பாக்ஸ் இன்னும் கூடக் கொறைக்கணும். மூணுக்கு ஒண்ணு வேணும்."

ஜீப்பை வைத்துச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. "எங்கன கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். சர்வேயருக்குப் போன் செய்து இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொன்னார்.

ஜெசிந்தா எஞ்சினைப் பிரித்துப் பார்த்தாள். எஞ்சின் மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்தான் போயிருந்தது. அதை மாற்றிவிட்டு, படகைக் கரையில் இழுத்துப் போட்டுப் புரொப்பல்லரைக் கழற்றினாள். மூன்று இதழ், வெண்கலம், குறுக்கே இருபது அங்குலம். அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினாள். மதுரையில் மாறும்போது கண்டக்டர் சாக்கைக் காலால் நகர்த்தப் பார்த்தார், நகரவில்லை. "என்னம்மா இது?" என்றார். "விசிறி" என்றாள்.

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பழைய படகுச் சாமான் விற்கும் ஞானதுரையின் கிடங்கில் கியர்பாக்ஸுகள் வரிசையாகக் கிடந்தன. அவள் எஞ்சினுக்குப் பொருந்தும் வாயுள்ளது ஒன்றே ஒன்று. விகிதம் பொறித்த தகடு அதில் இல்லை.

"மூணுக்கு ஒண்ணுதாம்மா" என்றார் ஞானதுரை.

அவள் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து இரண்டு ஷாப்டிலும் கோடு போட்டாள். எஞ்சின் பக்கத்து ஷாப்டைக் கையால் சுற்றினாள். மூன்று சுற்றுக்கு மறுபக்கக் கோடு ஒரு முழுச்சுற்றைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பச் சுற்றினாள். ஐந்து சுற்றில் அந்தப் பக்கம் சரியாக இரண்டு. இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"இது ரெண்டரை."

"எங்கிட்ட வித்தவன் மூணுன்னுதான் சொன்னான்." ஞானதுரை தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினார். "மூணு வேணும்னா ஒரு மாசமாவது ஆகும்."

ஒரு மாசம் என்றால் ஏலக்காய் அறுவடை பாதி முடிந்துவிடும். அவள் கிடங்கு வாசலில் சாக்கின் மேல் உட்கார்ந்தாள், எழுந்தாள், மீன்வண்டிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தாள். இரண்டரைக்கு ஒன்று என்றால் புரொப்பல்லர் தொள்ளாயிரத்து அறுபது சுற்று சுற்றும். பழைய எஞ்சினின் எழுநூற்றைம்பதுக்கு அளவாக வார்த்த இதழ் அது. அந்த வேகத்தில் இன்னும் எஞ்சினுக்குப் பாரம்தான். ஆனால் பாரம் கொஞ்சம்தான் அதிகம். கியர்பாக்ஸால் வராத மிச்சத்தை இதழிலிருந்து எடுக்கலாம்.

புரொப்பல்லர் ஒரு திருகாணி மாதிரி. ஒரு சுற்றுக்கு இத்தனை அங்குலம் முன்னே போகவேண்டும் என்று கணக்கு வைத்து இதழைச் சாய்த்திருப்பார்கள். அவள் கையிலிருந்ததற்கு அந்தக் கணக்கு பதினான்கு அங்குலம். சாய்வைக் குறைத்தால் ஒவ்வொரு சுற்றும் தள்ளுகிற தண்ணீர் குறையும், எஞ்சின் இலகுவாகச் சுற்றும். ஞானதுரை காட்டிய பட்டறையில் இதழ்களைச் சூடேற்றி, அச்சில் வைத்து அழுத்திப் பன்னிரண்டாக்கினார்கள். முடியும்வரை அவள் அங்கேயே நின்றாள். ஸ்டூல் கொடுத்தார்கள், உட்காரவில்லை.

கியர்பாக்ஸை மாட்டியபோது பாண்டியம்மாள் என்ற தோட்டத் தொழிலாளி கரைக்கு வந்தாள். ஜீப்பில் அலைந்து இடுப்பு போய்விட்டது, படகு எப்போது ஓடும் என்று கேட்க வந்தவள். ஜெசிந்தா அவளிடம் வேறொன்று கேட்டாள்.

"ஆள் இருபதுதான? வேற என்ன ஏத்துவீக?"

"ஆள் இருபது. சாயங்காலம் காய்ச் சாக்கு ஏழெட்டு வரும். மழை நாள்னா நனஞ்சு கனக்கும் ஆத்தா, தூக்க முடியாது."

இதை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. மணல் மூட்டை இந்த முறை முப்பத்தாறு ஆனது.

முதல் ஓட்டத்தில் முள் இரண்டாயிரத்து இருநூற்றைம்பது வந்தது. புகை மெலிந்து சாம்பல் நிறமாக வந்தது. வெப்பம் பச்சைக் கோட்டுக்குள் நின்றது. அரை மணி நேரம் ஓட்டினார்கள். குழாய் சிவக்கவில்லை.

"மதி சேச்சி, மதி" என்றான் வேலுச்சாமி.

லிங்கேஸ்வரனும் அதையேதான் சொன்னார். "நாளைக்கழிச்சு சர்வேயர் வாராக. இது போதும்."

"இன்னும் நூத்தம்பது சுத்து வரணும்ண்ணே."

"வந்து? படகு என்ன பறக்கணுமா?"

"வேகத்துக்கு இல்ல. ஆறு மாசத்துல அடிப்பலகைல பாசி புடிக்கும், எஞ்சினும் தேயும். எதுத்த காத்து அடிக்கும். அன்னைக்கு இழுக்கக் கொஞ்சம் மிச்சம் இருக்கணும். இப்பவே மிச்சமில்லாமப் போகுது." சொல்லிவிட்டுக் கட்டுப்போட்ட மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். "அன்னைக்கு நடுவுல நின்னப்ப நீங்க கரையில இருந்தீக."

லிங்கேஸ்வரன் படகைக் கரையேற்ற ஆள் கூப்பிட்டார்.

தூத்துக்குடி போக நாள் இல்லை. இதழின் நுனியைக் குறைப்பதென்று முடிவுசெய்தாள். அட்டையில் ஒரு நுனியின் வடிவத்தை வெட்டி, கால் அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு போட்டு, மூன்று இதழுக்கும் அதே அட்டையை வைத்துக் கிரைண்டரால் சீவினாள். வெண்கலத் தூள் அவள் முடியிலும் கட்டுத்துணியிலும் மின்னியது. ஒரு இதழ் கனத்தாலும் ஷாப்ட் உதறும். நடுத்துளையில் கம்பி விட்டு இரண்டு இரும்புச் சட்டத்தின் மேல் புரொப்பல்லரை நிறுத்தி, எந்த இதழ் கீழே இறங்குகிறது என்று பார்த்தாள். இறங்கிய இதழை அரத்தால் ராவினாள். மறுபடி நிறுத்தினாள். பதினோரு தடவைக்குப் பிறகு, எப்படித் திருப்பி விட்டாலும் விட்ட இடத்தில் நின்றது.

மறுநாள் காலை அதே முப்பத்தாறு மூட்டையோடு முள் இரண்டாயிரத்து நானூறைத் தொட்டுக் கொஞ்சம் மேலேயும் போனது. புகை கண்ணுக்குத் தெரியவில்லை. காலிப் படகாகப் பறந்த அந்த முதல் ஓட்டத்தைவிட வேகம் சற்றுக் குறைவுதான். வேலுச்சாமிக்கு அதில் வருத்தம்.

சர்வேயர் வந்தார். மிதவைச் சட்டைகளை எண்ணினார், கரைக்குக் கரை ஒரு முறை போய்வந்தார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எஞ்சினைப் பற்றி அவர் கேட்டது ஒரே கேள்வி, யார் மாட்டியது என்று. லிங்கேஸ்வரன் கையைக் காட்டினார். சர்வேயர் ஜெசிந்தாவைப் பார்த்து, அவளுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

படகு ஓடத் தொடங்கிய நாள் அவளும் படகின் காலை நடையில் ஏறிப் போனாள். பெண்கள் தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு யார் வீட்டு நிச்சயத்தையோ பேசிக்கொண்டு வந்தார்கள். யாரும் எஞ்சின் பக்கம் திரும்பவில்லை. ஜெசிந்தா கியர்பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபடி குனிந்தே நின்றாள். சூடு தாங்கும்படி இருந்தது. பாண்டியம்மாள் நகர்ந்து பலகையில் இடம் விட்டாள்.

"உக்காரு ஆத்தா. எம்புட்டு நேரம் நிப்ப?"

அக்கரை வரும்வரை ஜெசிந்தா நின்றுகொண்டுதான் வந்தாள். எல்லோரும் இறங்கி ஏலச்செடிகளுக்குள் போய் மறைந்தபின், காலிப் படகில் எண்ணெய் அளவை ஒருமுறை பார்த்தாள். வேலுச்சாமி அடுத்த நடைக்கு ஆள் ஏற்றப் படகைத் திருப்பினான்.