மைனஸ் அறுநூறு

கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பூ வியாபாரி. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஒரு கிரெடிட் கார்டு வைத்திருந்தார். பேருந்து நிற்கும்போதெல்லாம், நெஞ்சுவலிக்காரரைப் போல அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மக நர்சிங் படிக்க பேங்க்ல கடன் கேட்டேங்க. பழைய தவணை தவறுனதால கடன் ஸ்கோர் கொறச்சல்னுட்டாங்க. இந்தக் கார்டுல மாசாமாசம் வாங்கிக் கட்டுனா ஏறுமாம். ஒரு நாள் தப்புனாலும் கொள்ளை வட்டி."

சொல்லிவிட்டுக் கைபேசியை நீட்டினார்.

"மைனஸ் போட்டிருக்குங்க. ஸ்கோரு கீழ போயிருச்சா?"

வாங்கிப் பார்த்தேன். நிலுவை, மைனஸ் அறுநூறு ரூபாய். ஆறு மாதமாக, மாதாமாதம் வாங்கியதற்கு மேல் நூறு ரூபாய் சேர்த்தே கட்டியிருக்கிறார்.

"எதுக்குங்க கூடக் கட்டுனீங்க?"

"கல்யாண வீட்டு மொய்யத் திருப்பிச் செய்யும்போது கூடப் போட்டுத்தான செய்வோம்? வாங்குனத மட்டும் கொடுத்தா ஒறவு வேண்டாம்னுல அர்த்தம்."

அது கடன் இல்லை, வங்கிதான் அவருக்கு அறுநூறு ரூபாய் தர வேண்டும் என்று விளக்கினேன். முகம் தெளியும் என்று நினைத்தேன். இன்னும் வெளிறியது.

"பேங்க்கயே கடன்காரனாக்கிட்டேனேங்க. அதுல கோவிச்சுக்கிட்டு ஸ்கோரக் கொறச்சிர மாட்டாங்களா?"

"அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க" என்றேன்.

அவர் சட்டைப் பையைத் தொட்டபடியே இறங்கிப் போனார். அந்த ஸ்கோரை யார், எதைப் பார்த்துப் போடுகிறார்கள் என்று எனக்கும் தெரியாது.