தலக்காட்டில் யார் ஜெயித்தது?

நாலாம் வகுப்புக்கு வரலாறு நடத்துவது, நேற்றையும் முந்தாநாளையுமே இன்னும் பிரித்தறியாதவர்களிடம் நூற்றாண்டுகளைப் பற்றிப் பேசுவது. சாக்பீஸ் தூளை விழுங்கிய சக ஜீவன்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கன்னட மண்ணில், மர்பி டவுன் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் எனக்கு டெம்பரரி வேலை. இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் பர்மனென்ட், இல்லையென்றால் வீட்டுக்கு.

ராஜாவின் வயது

ஆயிரம் வருஷம் என்றால் எவ்வளவு என்று காட்ட, ஜன்னலிலிருந்து கதவு வரை பட்டம் விடும் நூலைக் கட்டி, நூறு வருஷத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். என் யோசனையில் எனக்கே ஒரு மயக்கம். பத்தாவது முடிச்சைப் பிடித்துக்கொண்டு, “இதோ, சோழ ராஜா இங்கே இருக்கிறார்” என்றேன். முதல் பெஞ்ச் ஷகிலா நூலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்க தாதாவுக்கு எழுபது வயசு, பஸ்லயே ஏற முடியல. ஆயிரம் வயசுல ராஜா எப்பிடி சார் குதிரை ஏறுவாரு?”

இரண்டு புத்தகங்கள்

எங்கள் பாடப்புத்தகத்தில், காவிரிக் கரைத் தலக்காட்டிலிருந்து ஹொய்சளர்கள் சோழர்களை விரட்டினார்கள். விரட்டியவர்கள் “நம் மன்னர்கள்”. அதைத் தமிழில் உரக்க வாசித்தபோது எனக்கே நாக்கு லேசாகத் தடுக்கியது. லீவுக்கு வேலூர் போய் வந்திருந்த செல்வம் எழுந்தான். மாமா பையன் புத்தகத்தில் தலக்காட்டைப் பிடித்ததே சோழர்கள்தானாம். அங்கே அவர்கள்தான் “நம் மன்னர்கள்”.

இரண்டும் சரி. சோழர்கள் கங்கர்களிடமிருந்து பிடித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஹொய்சளர்கள் சோழர்களிடமிருந்து பிடித்தார்கள். இதை அடிக்குறிப்புகள் சகிதம் ஒரு பீரியட் முழுக்க விளக்கினேன். செல்வம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“அதெல்லாம் சரி சார், ஃபைனல்ல யாரு ஜெயிச்சாங்க?”

காக்கிச் சட்டை

மறுநாள் செல்வத்தின் அப்பா வந்து நின்றார். அல்சூரில் ஆட்டோ ஓட்டுபவர். காவிரித் தகராறில் ஊர் கொதித்துக்கொண்டிருந்த சமயம். ஆட்டோவின் பின்னால் தமிழில் எழுதியிருந்த பிள்ளைகளின் பெயர்களைக்கூடப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தார். பையனோ தெருவில் நின்று சோழர்கள் ஜெயித்த கதையைக் கத்திக்கொண்டிருக்கிறானாம். நான் கங்கர்களிலிருந்து ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாம தோத்துட்டோம்னே சொல்லிக் குடுங்க சார். பொழப்பாவது நடக்கும்.”

வருகை

அந்த வாரமே இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழ் சரளமாகப் பேசும் கன்னடக்காரர். கரும்பலகையில் நான் அழிக்க மறந்த ‘தலக்காடு’ அவர் கண்ணில் பட்டது. “அங்க யாரு மரி ஜெயிச்சது?” என்று கன்னடச் செல்லம் கலந்து பிள்ளைகளைப் பொதுவாகக் கேட்டார். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். ஹொய்சளர் என்று ஒரு குரல் வந்திருந்தால் போதும், புத்தகப்படி சரி. செல்வம் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, படு பணிவாகச் சொன்னான்: “நாங்க தோத்துட்டோம் சார், மன்னிச்சிருங்க.”

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். என் வேலை போயிற்று என்று நான் தீர்மானித்துவிட்டேன். அவர் செல்வத்தைத் தோளில் தட்டி உட்கார வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“என் மாமனார் ஊரே தலக்காடுதான், மேஷ்ட்ரே. பூரா மணலு. ஜெயிச்சவங்களே அங்க இல்ல, இந்தப் பிள்ளை எதுக்கு மன்னிப்புக் கேக்குது?”

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. என்ன காரணத்தால் என்பதற்கு இன்றுவரை தக்க சான்று எதுவும் கிடைக்கவில்லை.