தரையில் படுத்திருந்த எக்ஸ்சேஞ்ச் அக்கா

விழுந்து கிடப்பவரைத் தூக்காதே என்பதுதான் வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் பயிற்சியில் சொல்லித்தந்த முதல் பாடம். முதலில் பேச வேண்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். வலி இல்லையென்றால் ஒருக்களிக்கச் சொல்லி, மண்டியிடச் சொல்லி, ஆடாத நாற்காலி ஒன்றை முன்னால் போட்டுவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். பதறிப்போய்த் தூக்குகிறவர் கிடப்பவரின் தோளைப் பிசகவைத்து, தன் இடுப்பையும் கெடுத்துக்கொள்வார்.

நான் சொல்லப்போகிறவர் விழவே இல்லை. விழுந்துவிட்டார் என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அதுதான் தொல்லையாகிவிட்டது.

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்று அழைப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. ஒரே மகன், வேறு ஊரில். மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, குளியலறை. இவ்வளவுதான் அவருடைய ராஜ்யம். அதில் டிவி கிடையாது. "சீரியல் பாக்கறவளுக்கு மூளை உருகி காதுவழியா ஒழுகிடும்" என்று படிக்கட்டில் நின்று ஊருக்கே கேட்கச் சொல்கிறவர்.

எதிர்வீட்டு டீச்சரிடம் அவருடைய மாற்றுச்சாவி இருந்தது. ஒரு மத்தியானம், வாங்கிப்போன குடையைத் திருப்பித் தர வந்த டீச்சர் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. மறுபடி தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பயந்துபோய்ச் சாவி போட்டுத் திறந்தால், அக்கா தரையில் குப்புறக் கிடக்கிறார். டீச்சர் போட்ட கூச்சலில் கட்டடமே கூடிவிட்டது.

அக்கா எழுந்து உட்கார்ந்து, "கம்மல் திருகு விழுந்துடுச்சு, தேடினேன்" என்றாராம். இரண்டு கம்மலும் திருகோடு காதில் இருந்தன. டீச்சர் அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் செய்துவிட்டார். விழுந்தது மட்டுமில்லை, காதில் இருப்பதையே தேடுகிறார், ஞாபகமும் தடுமாறுகிறது என்று. அதில் டீச்சரைக் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மகன் என்னை ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை வந்து அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறார். அதுவரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டைக் காலிசெய்து கொடுப்பதாக வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டார்.

நான் போன அன்று அக்கா கதவைத் திறந்து என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நீதான் வார்டரா?"

"பாத்துக்க வந்தவ."

"நல்லாப் பாத்துக்கோ. பாத்தாச்சா? கெளம்பு."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். இந்தத் தொழிலில் ரோஷம் பார்த்தால் வயிறு காயும்.

வீடு சுத்தமாக இருந்தது. கால் தடுக்கும் பாய் இல்லை, ஒயர் இல்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. மாத்திரை டப்பா சரியாக நிரப்பப்பட்டிருந்தது. உடம்பைப் பார்க்கவேண்டும் என்றேன். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே காட்டினார். கை, கால், இடுப்பு, எங்கும் ஒரு காயமோ கன்றலோ இல்லை. அந்த வயதில் விழுந்தால் தோல் பொய் சொல்லாது.

அடுத்த நாள் அவரோடு கூடவே திரிந்தேன். காலையில் டீயை நின்றுகொண்டேதான் குடிப்பார். வேலைபார்த்த காலமெல்லாம் உட்கார்ந்தே இருந்ததால் வீட்டில் உட்காருவதோடு பகையாம். ரொட்டியின் ஓரத்தை முதலில் கடித்துத் தீர்த்துவிட்டு நடுவை ஜன்னலோரம் கொண்டுபோய்த் தின்பார். பிறகு தெருமுனைப் பழக்கடை. ஒரே ஓர் ஆரஞ்சு வாங்க முழுக் குவியலையும் புரட்டுவார்.

"பெரியம்மா, பழத்துக்கு ஜுரம் வந்துடப்போகுது, விடுங்க" என்பான் கடைக்காரன்.

"உன் தராசுக்குத்தான் ஜுரம். நேரா நிக்க முடியல பாரு."

இருவரும் முகம் மலரத் திட்டிக்கொள்வார்கள். அங்கிருந்து பஸ் நிறுத்தப் பெஞ்சு. எந்தப் பஸ்ஸிலும் ஏறமாட்டார். கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் போனில் பேசுகிறவர்களைக் கேட்பார். "நீலச் சட்டை பொய் சொல்றான். ஆபீஸ்ல இருக்கேங்கறான்" என்று என் காதில் சொல்வார். கண்ணைத் திறக்காமலே சட்டை நிறம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "உக்காரும்போது பாத்துட்டேன்டி. நான் என்ன மந்திரவாதியா?"

வீட்டுப் போனுக்குத் தவறான அழைப்பு வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். ஒருநாள் யாரோ சிமென்ட் கடை என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டார். மற்றவர்களாக இருந்தால் வைத்துவிடுவார்கள். அக்காவோ, அவர் என்ன வீடு கட்டுகிறார், எத்தனை மாடி, மருமகள் என்ன சொல்கிறாள் என்று விசாரித்து, மாடிப்படியைக் குறுகலாக வைக்காதே என்று புத்தியும் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

இதில் எதுவும் புத்தி தடுமாறியவரின் லட்சணமில்லை. ஆனால் மத்தியானம் மூன்று மணி நெருங்கினால் மட்டும் ஆள் மாறிவிடுவார். "ஊசி வாங்கிட்டு வா." மறுநாள், "நூல் வாங்கிட்டு வா." அதற்கடுத்த நாள், "அந்த நூல் நெறம் சரியில்ல, மாத்திட்டு வா." அன்று நான் படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்தேன்.

அக்கா தரையில் படுத்திருந்தார். ஒரு காது தரையில் ஒட்டியிருந்தது, இன்னொரு காதை விரலால் அடைத்திருந்தார். பக்கத்தில் உரித்த ஆரஞ்சு. கீழ்வீட்டில் காது மந்தமான டெய்லர் குடியிருக்கிறார். அவர் டிவி வைத்தால் எங்கள் உள்ளங்கால் அதிரும். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் திடுக்கிடவில்லை. கோபமாக ஒரு பார்வை பார்த்தார். "வந்தது வந்துட்ட. சத்தம் போடாம படு. வெண்ணெய்க்குரல் வர்ற நேரம்."

படுத்தேன். என் காதுக்குப் பாதிதான் எட்டியது. அவர்தான் விளக்கினார். வெண்ணெய்க்குரல் என்பவள் அந்தச் சீரியலில் மாமியார்; சர்க்கரையாகப் பேசி மருமகளின் குழந்தையைத் தன் அக்காள் குழந்தை என்று ஊரை நம்பவைத்திருக்கிறாள். மருமகளின் பெயர் தேம்பல். அவள் புருஷன் மூக்கடைப்பு. வழக்கு கோர்ட்டில் இருக்கிறது, சனிக்கிழமை தீர்ப்பு.

"இதெல்லாம் நிஜப் பேரா?"

"நிஜப் பேரு யாருக்கு வேணும்? எக்ஸ்சேஞ்சுல இருந்தப்ப எந்த டாக்டரோட மூஞ்சியப் பாத்தேன்? கொரல்தான். கொரலுக்கு நானே ஒரு மூஞ்சி ஒட்டிக்குவேன். மூக்கடைப்புக்கு நான் வச்சிருக்கிற மூஞ்சியப் பாத்தா நீ கல்யாணமே பண்ணிக்குவ."

முடிந்ததும் அவர் எழுந்த விதத்தைத்தான் கவனித்தேன். ஒருக்களித்தார், மண்டியிட்டார், ஒரு காலை முன்னால் ஊன்றினார், எழுந்தார். நாற்காலியைத் தொடவே இல்லை. தினமும் படுத்து எழுந்து அந்தத் தொடைகள் முறுக்கேறியிருந்தன. நான்தான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"உங்க பையன்கிட்ட இதைச் சொல்லிடுங்க. பிரச்சினை தீர்ந்துடும்" என்றேன்.

"சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"டீச்சர் காதுக்குப் போகும். அவ கட்டடம் பூரா சொல்லிச் சிரிப்பா. டெய்லருக்குத் தெரிஞ்சா மரியாதைக்காகச் சத்தத்தைக் கொறச்சுடுவான். அதுக்கு மேல, என் வீட்டுத் தரையில நான் எதுக்குப் படுக்கறேன்னு எவனுக்கும் விளக்கம் சொல்லணும்னு இல்ல. கட்டில்ல படுத்தா கேக்கறாங்களா?"

"அப்போ சனிக்கிழமை பெட்டியைக் கட்டுங்க. அங்கே உங்க பையன் வீட்டுப் பின்ரூம் தயாரா இருக்கு. நான் உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டேன். என்னைக் கேட்டா பாத்ததைச் சொல்வேன்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு உப்பை அள்ளிப்போட்டார். சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மகன் காலையில் வந்திருக்க வேண்டியது. வழியில் தாமதமாகி மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். நல்ல பிள்ளைதான். இரண்டு காலிப் பெட்டிகள், முகத்தில் தூக்கமின்மை. அவருக்குப் பின்னாலேயே டீச்சரும் வந்து நின்றார். கீழே டாக்ஸி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, முக்கியமானதை மட்டும் எடுத்துக்கோ. மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். கீழ்வீட்டில் சீரியலின் பாட்டு தொடங்கிவிட்டது. ஒரு நிமிஷம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு நைட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோர் கண்முன்னாலும் மண்டியிட்டு, அப்படியே தரையில் படுத்து, காதை ஒட்டிவைத்தார்.

"அம்மா!" மகன் பெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். "சிஸ்டர், பாருங்க, மறுபடியும்!"

"தூக்காதீங்க" என்றேன். "வலியான்னு முதல்ல கேளுங்க."

"அம்மா, வலிக்குதா?"

"வாயை மூடுடா. தீர்ப்பு வருது."

மகன் குனிந்து தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். அவருடைய முழங்காலில் சடக்கென்று முறிவதுபோல் சத்தம் கேட்டது. பாதி குனிந்தவர் மேலேயும் போகமுடியாமல், கீழேயும் போகமுடியாமல் நின்றுவிட்டார். நான் நாற்காலியை அவர் பின்னால் தள்ளினேன். உட்கார்ந்தார்.

"என்ன தீர்ப்பு? அம்மா என்ன சொல்றா?" என்றார்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. "அக்கா… நீங்க சீரியலா கேக்கறீங்க?"

"ஆமா, கேக்கறேன்!" தரையிலிருந்தே கத்தினார் அக்கா. "தெனம் கேக்கறேன். சிரிக்கணும்னா வெளிய போய்ச் சிரி, இங்க சத்தம் ஆகாது. கம்மல் திருகுன்னு சொன்னது பொய். நான் விழல. இனிமே யாராவது விழுந்தேன்னு சொன்னா, அவங்க தலையில நான் விழுவேன்."

ஒரு பெண்ணின் அழுகையும் நீதிபதியின் சுத்தியலும் காலடியில் கேட்டன. டாக்ஸிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்தான். மகன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தாயின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் எப்போது உட்கார்ந்தார் என்று தெரியாது, தரைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்திருந்தார்.

பாட்டு மறுபடி வந்ததும் அக்கா ஒருக்களித்தார். மகன் கையை நீட்டினார். "எடு கையை" என்றார். மண்டியிட்டார். ஒரு காலை ஊன்றினார். அவசரமே இல்லாமல், எல்லோரையும் காக்கவைத்து, எழுந்து நின்றார். மூச்சு வாங்கவில்லை. நைட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

"தனியா விழுந்துட்டா என்ன பண்ணுவம்மா?" மகன் குரல் தாழ்ந்திருந்தது. கேட்கவேண்டிய கேள்விதான்.

"இப்ப என்ன பண்ணினேனோ அதைப் பண்ணுவேன். முடியலேன்னா தரையில தட்டுவேன். டெய்லருக்குக் கேக்காது, அவன் பொண்டாட்டிக்குக் கேக்கும்."

"ஒரு டிவி வாங்கித் தரேன். உக்காந்து பாரு."

"வாங்கித் தந்தா ஜன்னல் வழியா போடுவேன். அவங்க மூஞ்சியெல்லாம் எனக்கு எதுக்கு?"

மகன் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்க சொல்லுங்க."

"உடம்புல ஒரு கன்றல் இல்லை. மாத்திரை தவறவில்லை. தரையிலிருந்து தானே எழுந்திருக்கிறாங்க, அதை நீங்களே பாத்தீங்க. இப்படி எழுந்திருக்க முடியற வரைக்கும் தனியா இருக்கலாம். முடியாமப் போற நாள் வரும். அன்னிக்கு அவங்களே சொல்லணும், நீங்க வற்புறுத்தக் கூடாது. கழுத்துல மாட்டற பட்டன் மணி ஒண்ணு போட்டுக்கட்டும், அமுக்கினா உங்க போன் அடிக்கும்."

"மாட்டுக்கு மாதிரியா?" என்றார் அக்கா.

"மாட்டுக்கு மாதிரியேதான். போடுவீங்க."

முறைத்தார். ஆனால் மறுக்கவில்லை. மகன் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, அம்மா காலிசெய்யவில்லை என்று சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்தப் பின்ரூமில் அவர் பிள்ளைகள் இத்தனை நாள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

பெட்டிகள் இரண்டையும் அக்காவே தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தார்.

"மாசம் ஒருதடவை வா. காலையில வா, இருந்து சாப்பிட்டுட்டுப் போ. முட்டிக்கு எண்ணெய் தேச்சுக்கோ" என்று மகனிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "உன் வேலையும் முடிஞ்சுது. செருப்பைப் போடு."

டீச்சர் மட்டும் உள்ளேயே நின்றார். "அக்கா, குழந்தை யாரோடதுன்னு தீர்ப்பு ஆச்சா?"

"திங்கக்கிழமைக்குத் தள்ளி வச்சுட்டான் படுபாவி. வரதா இருந்தா நேரத்தோட வா. தலகாணி நீ கொண்டு வா, என்னோடத தரமாட்டேன்."

டீச்சரும் வெளியே வந்ததும் கதவு எங்கள் முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது.