தீபாவளிக்கு அடித்த வெள்ளை

கிள்ளானில் என் பேரைச் சொல்லிக் கேட்டால், லோரி நிறுத்துகிற இடத்தில் சின்னப் பையன்கூட வழி காட்டுவான். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை அப்பாவிடமிருந்து வந்தது.

காப்பார் பக்கம் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். எனக்கு ஆறு வயது இருக்கும். மலேரியா வீட்டுக்கு வீடு ஆளைப் படுக்க வைத்த காலம். சுகாதார இலாகா ஆள் ஒருவர் முதுகில் டின்னைச் சுமந்து வந்து, சட்டி பானையெல்லாம் வெளியே எடுக்கச் சொல்லி, உள்சுவர் முழுக்க மருந்து அடித்தார். காய்ந்ததும் திட்டுத் திட்டாக நின்றது.

“அண்ணே, கொசு இந்தச் சொவத்துல ஒக்காந்தா செத்துரும். நான் மறுபடி வர்ற வரைக்கும் கழுவாதீங்க, மேல எதுவும் பூசாதீங்க.”

“நல்லா இருக்கு லா. தீபாவளிக்கு வர்றவங்க, ஒங்க வீட்டுக்குத் தேமல் வந்துருச்சான்னு கேக்கப் போறாங்க” என்றார் அப்பா.

தீபாவளி நெருங்கியது. லயத்தில் மற்றவர்கள் சுவரைத் தொடத் தயங்கினார்கள். “இந்த வருஷம் விட்டுருங்களேன்” என்று அம்மாவும் சொல்லிப் பார்த்தாள். தயங்குகிற ஆளா அப்பா? சுண்ணாம்பைக் கரைத்து, நீலம் கலந்து, மருந்தின் மேலேயே இரண்டு பூச்சு அடித்தார். எங்கள் வீடு மட்டும் பளிச்சென்று இருந்தது. வந்தவர்கள் எல்லாம் வாயாரப் புகழ்ந்தார்கள்.

பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில் தங்கச்சிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. நடுங்குகிறவளைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அப்பா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ரத்தத்தைச் சோதித்து மலேரியா என்றார்கள். சாயம் போகாத தீபாவளிக் கவுனோடு அவளை அடக்கம் செய்தோம்.

மருந்தடிக்கிறவர் மறுபடி வந்தார். சாவுச் செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். கை வெள்ளையானது. கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவோரம் அப்பாவும் நின்றிருந்தார்.

சுவரின் வெள்ளையைப் பார்த்து மனிதர் அசந்துபோய் நிற்கிறார் என்று நினைத்து, பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

“எங்கப்பா அடிச்சது மாமா. ரெண்டு பூச்சு. லயத்துலயே இப்படி வெள்ளை யாரு வீட்டுலயும் இல்ல.”

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார். வேற்று ஆள் முன்னால் புகழ்ந்ததில் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டதென்று நினைத்தேன். பின்னாலேயே ஓடி, லயத்துக்கே கேட்கட்டும் என்று இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.