ஒரு ஸாரியும் பெரிய அகராதியும்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கால் ஒருவர்மேல் பட்டுவிட்டால் வாயால் ஒன்றும் சொல்வதில்லை. குனிந்து, பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். விஷயம் அங்கேயே முடிந்துவிடும். திருச்சியில் பி.ஏ. படித்துவிட்டுக் கீரனூரில் ஒரு பள்ளிக்கு இங்கிலீஷ் வாத்தியாராக வந்தபோது, குனியத் தேவையில்லாத ஒரு வழியை நான் கையோடு கொண்டுவந்தேன். காலை மிதித்தால் ஸாரி. தும்மினால் ஸாரி. வகுப்புக்கு நேரம் கழித்துப் போனால் ஸாரி. அதுவும் தலைமையாசிரியரிடம் மட்டும். முதுகு வளையாமல் மரியாதைக்காரன் ஆகலாம் என்று கண்டுபிடித்த வெள்ளைக்காரன்மேல் எனக்குப் பெரிய மதிப்பு இருந்தது.

சந்தையில் ஓர் அம்மாவின் கத்தரிக்காய்க் கூடையைத் தட்டிவிட்டு ஸாரி என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டும், பொறுக்கிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

பாவம், இங்கிலீஷ் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் ஒரு பெரிய அகராதி இருந்தது. சமஸ்தானம் இருந்த காலத்து முத்திரை குத்தியது. இரண்டு கையாலும் தூக்க வேண்டும். நூலகம் என்பது ஒரே ஒரு பீரோ. அதன் சாவி ஓவிய ஆசிரியரிடம். படம் போடுவதை யாரும் வேலையாக நினைக்காததால் இந்த மாதிரி வேலைகளெல்லாம் அவர் தலையில்தான் விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு ஸாரியின் பூர்வீகம் பார்க்க ஆசை வந்தது. அறிவுத் தாகம் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அதைச் சொல்லி மற்றவர்களை மட்டம்தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"எடுத்துக்குங்க சார்" என்று ஓவிய ஆசிரியர் சாவியைக் கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டு போறதுன்னா வண்டி பிடிச்சுக்குங்க. இடுப்பு பிடிச்சுக்கிரும்."

இரவல் நோட்டில் எழுதாமலே வீட்டுக்குத் தூக்கிப்போனேன். துயரம் என்று பொருள்படும் 'ஸாரோ'தான் ஸாரிக்குத் தாய் என்று அதுவரை நம்பியிருந்தேன். அகராதி இல்லை என்றது. இரண்டுக்கும் முகச்சாயல் உண்டு, ரத்த உறவு கிடையாது. ஸாரி பிறந்தது 'ஸோர்' வீட்டில். ஸோர் என்றால் புண், வலி. ஆதியில் ஸாரி சொன்னவனுக்கு உண்மையாகவே எங்கேயோ வலித்திருக்க வேண்டும். கடைசியில் இன்னொரு பொருளும் இருந்தது: ஒரு மனிதனுக்கு முன்னால் அடைமொழியாகப் போட்டால், உதவாக்கரை.

திங்கட்கிழமை இதையெல்லாம் சொல்ல வாய்க்கவில்லை. அதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பீரோவைத் திறக்கச் சொன்னார். அகராதி இருந்த இடம் பல் விழுந்த வாய்போல் கிடந்தது.

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்றார் தலைமையாசிரியர்.

"எங்கிட்டதாங்க" என்றார் ஓவிய ஆசிரியர். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. கையிலிருந்த சாக்பீஸைப் புதிதாகப் பார்ப்பவன்போல் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அவரைக் கந்தர்வக்கோட்டைக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. அப்போது அவர் மனைவிக்கு எட்டாம் மாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மாற்றத்தைத் தெரிவிக்கும் கடிதத்துக்குத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "இங்கிலீஷ்ல நீங்கதான் கெட்டிக்காரரு. புண்படாம எழுதிக் குடுங்க."

வீட்டில் எழுத மேசை கிடையாது. அகராதியை மடியில் வைத்து அதன்மேல் தாளைப் போட்டு எழுதினேன். முதல் வரியிலேயே ஸாரி வந்தது. நல்ல கடிதம். தலைமையாசிரியர் பாராட்டினார்.

பெண் குழந்தை பிறந்து பிழைத்துக்கொண்டது. தகவல் போய், லீவு கிடைத்து, அவர் கீரனூர் வந்து பார்க்க மூன்று நாளாயிற்று.

என் வேலை நிரந்தரமான பிறகு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். தைரியம் வந்த நேரத்தைக் கவனியுங்கள். பஸ் ஒரு மணி நேரம் தாமதம். வருவதாகக் கார்டு போட்டிருந்ததால் அவர் வெயிலில் நின்றிருந்தார். டீக்கடை பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"ஸாரி சார்" என்றேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்குங்க?"

அந்தக் கேள்வியைக் கேட்க அவர் எவ்வளவு நாள் காத்திருந்தாரோ தெரியாது. பதிலுக்கும் காத்திருந்தார்.

"பஸ்ஸு லேட்டாயிருச்சு" என்றேன்.

"அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? டிரைவருல்ல சொல்லணும்" என்று தம்ளரை எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் முந்திரி விளைச்சலைப் பற்றிப் பேசினோம். பஸ் வந்துவிட்டது என்று அவசரமாக எழுந்ததில் என் செருப்புக்கால் அவர் பாதத்தில் பட்டுவிட்டது. யோசிக்காமலே குனிந்து, அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"சின்னதுக்கெல்லாம் ஒழுங்காத்தான் செய்யிறீங்க சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் பஸ் ஏறிவிட்டேன்.

அவர் இப்போது இல்லை. அகராதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துப் புரட்ட என் கையில் வலுவில்லை. குனிய முட்டியும் விடுவதில்லை. 'அகராதியை எடுத்தது நான்தான்.' டீக்கடையில் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். அத்தனையும் தமிழ்ச் சொற்கள்.