மூத்தார் வந்து நின்ற நேரம்

என் வூட்டுக்காரர் பழைய பைக்குக்கு டைமிங், அதாவது என்ஜினில் நெருப்புப் பொறி விழும் நேரம், வைக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார். என்ஜின் பக்க மூடியைக் கழற்றி, தொட்டுப் பிரியும் பாயிண்ட் இரண்டுக்கும் நடுவில் சிகரெட் காகிதத்தைச் சொருகி, நுனியை என் கையில் கொடுப்பார். அவர் உள்ளே இருக்கும் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். நான் காகிதத்தை மெல்ல இழுத்துக்கொண்டே இருந்து, பிடி விட்டதும் "வுட்டுச்சி" என்று சொல்லணும். அதற்கு மேல் தட்டு நகர்ந்தால் நெருப்பு முந்திக்கொள்ளும், கிக்கர் திருப்பி அடிக்கும்.

அன்றைக்கு அப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போது அவருடைய அண்ணன் வந்து நின்றார். மூத்தார் எதிரில் எங்கள் வீட்டுப் பெண்கள் வாய் திறக்கமாட்டோம். காகிதம் விட்டுவிட்டது. சொல்வதற்குப் பதில் நான் வளையலைக் குலுக்கினேன். இவர் அதைக் கவனிக்காமல் அண்ணனோடு சாமை அறுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே தட்டை இன்னும் திருப்பி, திருகை முடுக்கிவிட்டு, எழுந்து உதைத்தார். கிக்கர் திருப்பி அடித்ததில் கணுக்கால் எலும்பு உடைந்துபோச்சு.

"இவ கையில குடுத்தேன் பாரு, என்னிய சொல்லணும்!" என்று கத்தினார்.

"பொம்பளைய நம்புனா வேற இன்னாடா ஆவும்?" என்றார் மூத்தார்.

அவர் அங்கேயே நின்றதால் அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

கால் நொண்டலாகவே நின்றுவிட்டது. யார் கேட்டாலும் மோவாயால் என்னைக் காட்டுவார். மூத்தார் செத்த பிறகு, நடந்ததை ஒரு தடவை சொன்னேன்.

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?" என்றார்.

அப்போது மூத்தார் எதிரில் நான் வாயைத் திறந்திருந்தால், முதலில் என்மேல் கை ஓங்கியிருக்கக்கூடியவரும் இவர்தான்.