கிளைட்டனும் நிரம்பிய சர்வரும்

பக்கவாதத்தில் படுத்திருக்கும் பிளாரன்ஸுக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அவள் மகன் கிளைட்டன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு வேலை செய்தான். துறைமுகத்தை ஒட்டிய யார்டு ஒன்றில் லாரிகளுக்கு கேட் பாஸ் கொடுக்கும் மென்பொருள் அவன் பொறுப்பு. வீட்டில் இருந்தபடி பார்க்கும் வேலை இது ஒன்றுதான் கிடைத்தது. இந்த வேலை போனால் தாயை விட்டுவிட்டு வெளியூர் போக வேண்டும்.

அந்த மென்பொருள் கன்டெய்னர் என்ற உறைக்குள் ஓடுகிறதாம். செய்வதையெல்லாம் லாக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். விட்டால் சர்வரையே அடைத்துவிடும். இவ்வளவுதான் வளரலாம் என்று கிளைட்டன் வரம்பு எழுதி வைத்திருந்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்கு அது பொருந்தாது. அதை நிறுத்தி, எடுத்துவிட்டு, புதிதாக ஏற்ற வேண்டும். நிறுத்த மேலாளர் எஸ்றா சம்மதிக்க வேண்டும்.

"அண்ணாச்சி, ரெண்டு நிமிசம் போதும்" என்று கிளைட்டன் ஸ்பீக்கரில் போட்ட போனில் அவரிடம் கெஞ்சினான்.

"கப்பல் நிக்கும்போதா கேக்க?"

"போன வாரமும் இதத்தான் சொன்னீய."

"ஏலே, கப்பல் வராம இருக்கதுக்கு இது என்ன குளமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "நெறஞ்சா கவுத்திட்டுப் போவேண்டியதுதானே?" என்றேன், பிளாரன்ஸின் மூத்திரப் பையைக் காலி செய்தபடி.

"மூத்திரப் பைய மாத்த குழாய ஒரு நிமிசம் அடைக்கணும்லா சிஸ்டர். அதுக்கே விட மாட்டேங்காவ" என்றான் கிளைட்டன்.

புதன்கிழமை சர்வர் நிரம்பியது. பாஸ் நின்றுபோனது. இறால் ஏற்றிய குளிர்பதன லாரிகள் சாலைவரை நின்றன. பதறிப்போன கிளைட்டன் லாக் கோப்பை அழித்தான். இடம் திரும்பவில்லை.

"அழிச்சாலும் ஓடுற புரோகிராம் அதப் பிடிச்சிக்கிட்டே நிக்கு. நிறுத்துனாத்தான் விடும்" என்றான். போனில் எஸ்றாவிடமும் அதையே சொன்னான்.

"நிறுத்தாத! எடமில்லாம பதியாம கெடக்க பாஸெல்லாம் போயிரும்."

"நிறுத்தலன்னா ஒரு பாஸும் வராது அண்ணாச்சி."

"மேல கேட்டுச் சொல்லுதேன்."

கிளைட்டன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பிளாரன்ஸுக்குக் கஞ்சி ஊட்டி, வாய் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்தேன். அதற்குப் பிறகுதான் உத்தரவு வந்தது. நிறுத்தி ஏற்றினான். உடனே ஓடியது, வரம்பும் பிடித்தது. ஆனால் பதியாத பாஸ்கள் போய்விட்டன. லாரிகள் மறுபடி வரிசையில் நின்று முடிப்பதற்குள் இறாலை விட்டுவிட்டுக் கப்பல் புறப்பட்டுவிட்டது.

"ஒன்ன யாருல அழிக்கச் சொன்னா?" என்று மட்டும் எஸ்றா கேட்டார்.

மறுநாள் கடவுச்சொல் கிளைட்டனை யார்டு சர்வருக்குள் விடவில்லை. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தான்.

"சென்னையில வேல இருக்காம்" என்றான், தாயைப் பார்க்காமல்.

நான் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த முனையைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தான்.